குறட்டையும் குழந்தையின் மூச்சும்

டவுன் நோய்க்குறியுடன் பிறந்த பிள்ளைகள் நம் ஊர்களில் ஆங்காங்கே இருத்தலை யாவரும் அறிவோம். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதே காரணம் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1959இல் வெளியிட்டனர். பெற்றோர் செய்த பிழை எதுவுமில்லை.

இப்பிள்ளைகளுள் பாதிப்பேருக்கு மேல் உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுகின்றது என்பதையோ பலர் அறியார். முகத்தின் நடுப்பகுதி சிறுத்திருப்பதால் தொண்டைவழி குறுகல். தசைத் தளர்ச்சியால் நாக்குப் பின்சரிந்து அவ்வழியை அடைக்கின்றது. வாய்க்காலில் மண் சரிந்தால் கடைமடைக்கு நீர் எட்டாததைப் போன்றதே இது. பிள்ளை அரைகுறையாய் விழித்து மூச்சிழுத்து மீண்டும் உறங்கும். ஓரிரவில் பன்முறை இவ்வாறு நிகழும். வீட்டாரோ, "நன்றாய்க் குறட்டை விட்டுத் தூங்குகிறான்" என்று மகிழ்கின்றனர்! பகற்சோர்வையும் பிடிவாதத்தையும் பிறவிக் குறையென்று தள்ளிவிடுகின்றனர். நாளடைவில் இதயத்திற்கும் கேடு சூழும். இவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இதயக் கோளாறுடன் பிறப்பவர்கள் என்பதை மறத்தலாகாது.

உட்கார்ந்தபடியோ, தலையை முழங்காலில் கவிழ்த்தோ உறங்குதல் முக்கிய அடையாளம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் இரவுமுறை வேலை பார்க்கும் தந்தையர் இதனைக் காண்பதே அரிது. கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுதல் நன்று. குறட்டை இல்லாவிடினும் நோய் இருத்தல் கூடும். ஆதலால் நான்கு வயதுக்குள் உறக்கப் பரிசோதனை செய்தல் வேண்டுமென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் கூறுகின்றது.

முதற் சிகிச்சை, வீங்கிய டான்சிலையும் மூக்கடிச் சதையையும் அகற்றுதலே. மயக்கமருந்து கொடுக்குமுன் கழுத்தெலும்பின் தளர்ச்சியை மருத்துவர்க்கு நினைவூட்டுக. அறுவைக்குப் பின்னும் பலருக்குத் தடை நீங்குவதில்லை, மறுபரிசோதனை அவசியம். எஞ்சியோர்க்கு, முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் கருவி உதவும். சில நாள் பகலில் விளையாட்டாக முகமூடியை அணிவித்துப் பழக்கினால் பிள்ளை அஞ்சாது. நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை உடலில் பொருத்தும் முறைக்கு, 13 முதல் 18 வயதுள்ள இப்பிள்ளைகளுக்காக, அமெரிக்க அரசு 2023இல் அனுமதி அளித்தது. அது பெருஞ்செலவு பிடிப்பது. நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.

திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கும், மீஞ்சூர் ஒன்றியத்து அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி மக்களுக்கும் இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவும், எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் பட்டியலில் டவுன் நோய்க்குறியும் உண்டு. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகின்றது. குழு வரும் நாளை உறுப்பினர்கள் முன்னரே கேட்டறிந்து, பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளையும் அன்று அழைத்துவரச் செய்தல் வேண்டும்.