இருட்டைப் பார்த்துப் பயப்படலாமா? மர்ம, திகில் நாவல்களைப் படிப்பதும் தேர்வில் எழுதுவதும்



"டீச்சர், நாவல்னா ரொம்ப போரடிக்குது. பேய்க்கதை, கொலைக்கதை இருந்தா குடுங்க, படிக்கிறோம்." படிவம் நான்கு, ஐந்து வகுப்புக்குப் போகும் ஆசிரியர் எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். இப்படிக் கேட்கும் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று பக்கத்தைப் புரட்ட வைக்கும் கதையைத்தான் மனிதர்கள் காலங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த இருட்டைப் படிக்கக் கொடுப்பது? படித்த பிறகு அதைப் பற்றி எப்படிப் பேசுவது, எப்படி எழுதுவது?

கடந்த சில மாதங்களில் நான் படித்த, சிலவற்றை மறுபடியும் படித்த, இருண்ட நாவல்கள் சிலவற்றைப் பற்றிய என் கருத்துகளை இங்கே தருகிறேன். கூடவே அவற்றை இலக்கியத் தாளுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் பார்ப்போம். நாவல்களின் முடிவுகளைச் சொல்லப் போவதில்லை. அதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மர்மம் வேறு, எதிர்பார்ப்பு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாணவர்கள் விடைத்தாளில் "இந்நாவல் மிகவும் மர்மமாக, திகிலாக, விறுவிறுப்பாக உள்ளது" என்று மூன்று சொல்லையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். மூன்றும் ஒன்றல்ல.

மர்மம் என்பது வாசகருக்கு ஒன்று தெரியாமல் இருப்பது. கொலை செய்தது யார்? அந்த வீட்டில் நடமாடுவது யார்? விடை கடைசியில்தான் கிடைக்கும். திகில் என்பது உடம்பே உணரும் பயம். இருட்டு, சத்தம், பிணம், ஆவி. எதிர்பார்ப்பு என்பது இன்னது நடக்கப் போகிறது என்று ஓரளவு தெரிந்தும், அது எப்போது, யாருக்கு என்று தெரியாமல் தவிப்பது.

திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதற்கு ஓர் எளிய விளக்கம் தந்தார். நாலு பேர் மேசையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குச் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். ஆனால் குண்டு அங்கே இருப்பதும், எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால்? அதே சாதாரணப் பேச்சு முழுவதும் நம்மால் நாற்காலியில் உட்கார முடியாது. தகவலை மறைத்தால் மர்மம். தகவலைக் கொடுத்துவிட்டுக் காக்க வைத்தால் எதிர்பார்ப்பு. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே வரும் நாவல்களைப் பாருங்கள்.

சுஜாதாவின் கொலையுதிர் காலம்

1980-களின் தொடக்கத்தில் குமுதம் இதழில் தொடராக வந்த நாவல் இது. வழக்கறிஞர் கணேஷும் அவருடைய உதவியாளர் வசந்தும் லீனா என்ற இளம்பெண்ணின் சொத்து விவகாரத்துக்காக ஒரு பழைய மாளிகைக்குப் போகிறார்கள். அங்கே ஆவி நடமாடுவதாகப் பேச்சு. கொலைகளும் நடக்கின்றன. கணேஷ் எல்லாவற்றுக்கும் அறிவியலில் விடை தேடுகிறார். வசந்த் "இது ஆவிதான் பாஸ்" என்கிற பக்கம் சாய்கிறான். ஹோலோகிராம் என்ற முப்பரிமாண ஒளிப்படக் கலை தமிழ் வாசகர்களுக்கு அதிகம் தெரியாத காலத்தில் அதைக் கதைக்குள் கொண்டுவந்தது பலருக்கும் வியப்பாக இருந்தது.

என் கருத்து? சும்மா சொல்லக் கூடாது, நடை இன்றைக்கும் ஓடுகிறது. சின்னச் சின்ன வாக்கியம், பாதியில் வெட்டுப்படும் உரையாடல், வர்ணனையை இழுக்காமல் ஒரே வரியில் முடிப்பது. மொழிநடை பற்றிப் பாடம் நடத்த இதைவிட வசதியான நாவல் கிடைப்பது கடினம். ஆனால் ஒரு குறை உண்டு. பெண்களைப் பற்றி வசந்த் அடிக்கும் ஜோக்குகள் இன்றைய வகுப்பறையில் எடுபடாது. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. "இந்த வசனம் இன்றைக்கு ஏன் நெருடுகிறது?" என்று மாணவரிடமே கேளுங்கள். நல்ல விவாதம் ஒன்று கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாவலை மூடி வைத்த பிறகு அதில் இறந்தவர்களைப் பற்றி எனக்குக் கவலை எதுவும் மிஞ்சவில்லை. புதிரைப் பற்றிய யோசனைதான் மிஞ்சியது. மர்ம நாவலின் இயல்பு அது. அங்கே பிணம் ஒரு கேள்வி. அடுத்துச் சொல்லப் போகும் நாவல்களில் பிணம் நம் வீட்டு மனிதர்.

சயாம் மரண ரயில் நாவல்கள்

ஜப்பானியர் காலத்தில் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயில் பாதை போடப்பட்டது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் நிலைமை இன்னும் மோசம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் உட்பட, இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். நம் மக்களில் பெரும்பாலோருக்குப் பெயர் போட்ட கல் கிடையாது. அந்தக் குறையை ஓரளவு நிரப்பியவை மலேசியத் தமிழ் நாவல்கள். ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்", கோ. புண்ணியவானின் "கையறு" ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தேன். இவர்களில் ரெங்கசாமியும் புண்ணியவானும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள் என்பது நமக்கெல்லாம் பெருமை.

இந்த நாவல்களில் மர்மம் எதுவுமில்லை. ரயில் பாதை முடிந்தது, ஜப்பான் தோற்றது, ஆயிரம் ஆயிரமாக ஆட்கள் செத்தார்கள் என்பது முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் கீழே வைக்க முடியவில்லை. ஏன்? ஹிட்ச்காக் சொன்ன குண்டு இங்கே மேசைக்கு அடியில் இருக்கிறது. லாரியில் ஏறும் தோட்டத்து ஆளுக்கு, தான் எங்கே போகிறோம் என்று தெரியாது. நமக்குத் தெரியும். "மூணு மாசத்துல திரும்பிடலாம்" என்று ஒருவன் பெண்டாட்டியிடம் சொன்னால், அந்தச் சாதாரண வாக்கியமே வாசகருக்குக் கத்தி மாதிரி இறங்கும். யார் திரும்புவார், யார் திரும்பமாட்டார் என்ற ஒரே கேள்விதான் நம்மைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது.

குறைகளும் உண்டு. வரலாற்றுத் தகவல் சேரச் சேர, சில இடங்களில் கதைமாந்தர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பாடநூல் பேச ஆரம்பித்துவிடுகிறது. சாவுகள் அடுத்தடுத்து வரும்போது மனம் மரத்துப் போகும் அபாயமும் உண்டு. ஒருவரின் சாவை நின்று சொன்னால் அழுகிறோம். நூறு பேரின் சாவைப் பட்டியலாகச் சொன்னால் எண்ணுகிறோம். இந்த நாவல்கள் வலுவாக இருப்பது ஒருவரிடம் நின்று பேசும் இடங்களில்தான்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. "கையறு" என்ற தலைப்பைச் சும்மா கடந்து போய்விடாதீர்கள். புறநானூற்றில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. தலைவனோ அன்புக்குரியவரோ இறந்தபோது, செய்வதறியாது வருந்திப் பாடுவது. பாரி இறந்த பின் பாரி மகளிர் பாடிய பாடல் அந்தத் துறையைச் சேர்ந்ததுதான். மன்னனுக்காகப் பாடப்பட்ட துறையின் பெயர், பெயர் தெரியாத பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தலைப்பின் பொருத்தம் பற்றிக் கேள்வி வந்தால், இப்படி ஒரு கருத்து உங்கள் விடையைத் தனித்துக் காட்டும். அதேபோல "நினைவுச் சின்னம்" என்ற தலைப்பையும் யோசித்துப் பாருங்கள். இல்லாத கல்லுக்குப் பதிலாக ஒரு புத்தகம்.

செலாஞ்சார் அம்பாட்

கோ. புண்ணியவானின் இன்னொரு நாவல் இது. நாடு சுதந்திரம் அடைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், வேலை தேடிப் போன நம் மக்கள் பகாங் காட்டுப் பகுதியில் கொத்தடிமைகளாக அடைபட்டுக் கிடந்ததைச் சொல்கிறது. இதில் நான் முக்கியமாகக் கவனித்தது இடப் பின்னணி. காடு வேலிபோல் சுற்றி நிற்கிறது. வெளியே போகும் பாதையில் ஆள் காவல். கையில் காசு இல்லை. போலீஸிடம் போகலாமென்றால் வழி தெரியாது. பேய் பிசாசு ஒன்றும் வேண்டாம். இரவில் ஒரு லாரிச் சத்தம் கேட்டாலே போதும், வாசகருக்கு நெஞ்சு படபடக்கும்.

மரண ரயிலையாவது "அந்நியர் செய்த கொடுமை, யுத்த காலம்" என்று சொல்லிவிடலாம். இந்த நாவலைப் படித்துவிட்டு அப்படித் தள்ளிவிட முடியாது. அதனால்தான் இதை மூன்றையும்விட இருண்டது என்பேன்.

வகுப்பறைக்குக் கொண்டு போகலாமா?

இங்கேதான் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு வரும். "ஏற்கனவே பிள்ளைகளுக்கு ஆயிரம் மன உளைச்சல். இதுல சாவு, அடி, கொலைன்னு எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ம. நவீனின் "பேய்ச்சி" நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது நம் எல்லோருக்கும் தெரியும். தடை செய்யப்பட்ட நூல் என்பதால் அதை இங்கே நான் விமர்சிக்கவில்லை. வகுப்புக்கும் கொண்டு போக முடியாது. ஆனால் ஒரு புத்தகம் எவ்வளவு இருட்டைக் காட்டலாம் என்பது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அல்ல என்பதை அது காட்டுகிறது.

என் நிலைப்பாடு இது. இருட்டு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்த இருட்டு எதற்கு என்று பாருங்கள். அதிர்ச்சி கொடுத்துவிட்டு ஓடிப்போகும் கதையையும், ஒரு மனிதனுக்கு நேர்ந்ததைச் சொல்லும் கதையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் வன்முறையில் பாதிகூட இந்த நாவல்களில் இல்லை. அங்கே அதைப் பற்றிப் பேச ஆளில்லை. வகுப்பில் நீங்கள் இருக்கிறீர்கள்.

நடைமுறையில் மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, கொடுப்பதற்கு முன் முழு நாவலையும் நீங்கள் படித்துவிடுங்கள். இரண்டு, கீழ்ப்படிவ மாணவர்களுக்கு முழு நாவல் வேண்டாம். தேர்ந்தெடுத்த ஓர் அத்தியாயம் போதும். மூன்று, அண்மையில் வீட்டில் துக்கம் நடந்த மாணவர் இருந்தால் தனியாகப் பேசி, விருப்பமில்லையென்றால் வேறு நூல் கொடுங்கள். தேவைப்பட்டால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தேர்வில் எப்படி எழுதுவது?

மாணவர்களே, "கதை விறுவிறுப்பாக இருந்தது" என்பது விடை அல்ல, அது உங்கள் உணர்வு. அந்த உணர்வை ஆசிரியர் எப்படி வரவழைத்தார் என்று காட்டினால்தான் புள்ளி. எந்த நாவலாக இருந்தாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. கதைமாந்தருக்குத் தெரியாத எது வாசகருக்குத் தெரியும்? அல்லது வாசகரிடமிருந்து எது மறைக்கப்படுகிறது? (நோக்குநிலை)

2. காலக்கெடு ஏதும் இருக்கிறதா? மழைக்காலத்துக்குள், விடிவதற்குள், ஆள் வருவதற்குள் என்று. (கதைப்பின்னல்)

3. இடம் கதைமாந்தரை அடைத்து வைக்கிறதா? (இடப் பின்னணி)

4. பின்னால் நடக்கப் போவதற்கு முன்னாலேயே ஏதும் அறிகுறி வைக்கப்பட்டிருக்கிறதா? (உத்தி)

ஒரு மாதிரி பாருங்கள். சாதாரண விடை: "சயாம் மரண ரயில் நாவல் வாசகருக்குப் பயத்தையும் சோகத்தையும் தருகிறது." மேம்பட்ட விடை: "ரயில் பாதையில் பல்லாயிரம் பேர் மடிந்தனர் என்பது வாசகர் அறிந்த வரலாறு. ஆனால், புறப்படும் தொழிலாளர்கள் அதை அறியார். இந்த இடைவெளியே எதிர்பார்ப்பை உருவாக்குகிறது. அவர்களின் சாதாரண உரையாடலும் சோகம் நிறைந்ததாக மாறுகிறது." கருத்து, காரணம், விளைவு மூன்றும் வந்துவிட்டன. இதற்குக் கீழே நாவலிலிருந்து ஒரு சம்பவத்தைச் சான்றாகச் சேர்த்தால் பத்தி முழுமையாகிவிடும்.

உள்ளூரிலிருந்து ஒரு பயிற்சி

கடைசியாக, நம் ஊர்ப்பக்கத்துச் சம்பவம் ஒன்று. 1943 மே மாதம், ஜான் டேவிஸ் தலைமையில் ஒரு சின்னக் குழு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பங்கோர் பக்கத்துக் கரையில் இரகசியமாக இறங்கியது. ஜப்பானியருக்கு எதிரான 136-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டில் பின்னர் வந்து சேர்ந்த லிம் போ செங், 1944-இல் பிடிபட்டுப் பத்து காஜா சிறையில் உயிர்விட்டார்.

இதை வைத்து மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். அந்த இரவில் கரையோரம் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவரின் பார்வையில் இருநூறு சொற்களில் எழுதட்டும். பாதி வகுப்பு, வருபவர் யார் என்பதை மறைத்து எழுதட்டும். மறுபாதி அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதட்டும். இரண்டையும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, எது அதிகம் படபடப்பைத் தருகிறது என்று கேளுங்கள். மர்மத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு பாடவேளையில் புரிந்துவிடும்.

அப்படியே, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் "நம்ம குடும்பத்துல யாராவது சயாமுக்குப் போனாங்களா?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். போனவர்களின் பிள்ளைகளே இப்போது முதியவர்கள். கேட்க வேண்டியதை இந்த ஆண்டே கேட்டுவிடுவது நல்லது.