தோலிறுக்க நோயின் காரணிகள்

தோலிறுக்க நோய் என்பது தோலும் உள்ளுறுப்புகளும் படிப்படியாகத் தடித்து இறுகும் ஒரு நாட்பட்ட நோயாகும். இது ஸ்கிளிரோடெர்மா எனப்படுகின்றது. உள்ளுறுப்புகளையும் தாக்கும் வகை சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் என மருத்துவத்தில் வழங்கப்படுகின்றது. இக்கட்டுரை அவ்வகையைப் பற்றியது. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் சொந்த இழையங்களையே தாக்குவதால் இது தன்னுடல் தாக்குநோய்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. இது தொற்றுநோய் அன்று. ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு கூடுதலாகக் காணப்படுகின்றது.

இந்நோய்க்குத் தனியொரு காரணம் கண்டறியப்படவில்லை. மரபணு அடிப்படையில் நோய்க்கு ஆளாகும் தன்மை உடைய ஒருவர், புறச்சூழலில் இருந்து வரும் ஏதேனும் ஒரு தூண்டலுக்கு உட்படும்போது நோய் தொடங்குகின்றது என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அத்தூண்டல்களுள் வலுவான சான்றுகள் உள்ளது சிலிக்காத் தூசி ஆகும். ஆகவே காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னை போன்ற தொழிற்பகுதிகளில், நோயாளி என்ன தொழில் செய்தார் என்பதை அறிவதும் நோயறிதலின் ஒரு பகுதியாகின்றது.

வரலாறு

1753 ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் கார்லோ கர்ட்சியோ, உடல் முழுவதும் தோல் இறுகிய ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதிய குறிப்பு, இந்நோயைப் பற்றிய தொடக்ககால விவரிப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. 1862 இல் பிரான்சு நாட்டு மருத்துவர் மோரிஸ் ரேனோ, குளிரில் விரல்கள் வெளிறிப் போகும் நிலையை விவரித்தார். இந்த ரேனோ நிகழ்வே பெரும்பாலான நோயாளிகளிடம் முதலில் தோன்றும் அறிகுறி என்பது பின்னர் தெரியவந்தது.

1914 இல் எடின்பரோவைச் சேர்ந்த பைரம் பிராம்வெல், தம்மிடம் வந்த தோலிறுக்க நோயாளிகளுள் கல்தச்சர்கள் மிகுதியாக இருப்பதைக் கவனித்தார். குளிர்ந்த உளியை நெடுநேரம் கையில் பிடித்திருப்பதே காரணமாகலாம் என அவர் எண்ணினார். 1957 இல் எராஸ்மஸ் என்னும் மருத்துவர், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இந்நோய் காணப்படுவதைப் பதிவு செய்தார். கல்தச்சர்க்கும் சுரங்கத் தொழிலாளர்க்கும் பொதுவாக இருந்தது உளியின் குளிர்ச்சி அன்று, கல்லில் இருந்து எழும் சிலிக்காத் தூசியே என்பது காலப்போக்கில் தெளிவாயிற்று. சிலிக்காவுக்கு உட்பட்டவர்களிடம் தோன்றும் தோலிறுக்க நோய் இன்று எராஸ்மஸ் கூட்டறிகுறி எனப்படுகின்றது.

உடலினுள் நிகழும் மாற்றங்கள்

இந்நோயில் ஒன்றோடொன்று பின்னிய மூன்று நிகழ்வுகள் உள்ளன.

முதலாவது, குருதிக்குழாய்களின் சிதைவு. சிறிய குருதிக்குழாய்களின் உட்சுவரை மூடியுள்ள உயிரணுக்கள் பாதிக்கப்படுகின்றன. குழாய்களைச் சுருக்கும் எண்டோதீலின் என்னும் பொருள் மிகுதியாகச் சுரக்கின்றது. குழாய்கள் குறுகி, இழையங்களுக்குச் செல்லும் குருதி குறைகின்றது.

இரண்டாவது, நோயெதிர்ப்புத் தொகுதியின் பிறழ்ச்சி. டி உயிரணுக்களும் பி உயிரணுக்களும் தூண்டப்பட்டு, உடலின் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகள் உருவாகின்றன.

மூன்றாவது, நாரிழையாக்கம். காயம் பட்ட இடத்தில் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை உருவாக்கிப் புண்ணை ஆற்றுவது நாரிழை அரும்பர்கள் எனப்படும் உயிரணுக்களின் பணி. இயல்பான உடலில் புண் ஆறியதும் இப்பணி நின்றுவிடும். இந்நோயில் டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதங்களின் தூண்டுதலால் அது நிற்பதில்லை. தோல், நுரையீரல், உணவுக்குழாய், இதயம் ஆகியவற்றில் கொலாஜன் படிந்துகொண்டே செல்கின்றது.

பெரும்பாலானோரிடம் குருதிக்குழாய்ச் சிதைவே முதலில் வெளிப்படுகின்றது. விரல்கள் வெளிறத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத் தோல் இறுகுவதும் உண்டு.

மரபணுக்களின் பங்கு

2003 இல் வெளியான ஓர் ஆய்வில் 42 இரட்டையர் இணைகள் ஆராயப்பட்டன. இருவருக்குமே நோய் இருந்தது 4.7 விழுக்காட்டு இணைகளில் மட்டுமே. ஆனால் ஒத்த இரட்டையர்களில் நோயற்ற மற்றவரின் குருதியிலும் உயிரணுக் கருவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மிகப் பரவலாகக் காணப்பட்டன. நோயெதிர்ப்புத் தொகுதி பிறழ்வதற்கு மரபணுக்கள் வழிசெய்யினும், நோய் முழுமையாக வெளிப்பட வேறொரு காரணியும் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

2010 இல் மரபணுத்தொகை முழுவதையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, எச்.எல்.ஏ. பகுதி, ஸ்டாட்4, ஐ.ஆர்.எஃப்.5, சிடி247 ஆகியவற்றுடன் இந்நோய்க்கு உள்ள தொடர்பை அறிவித்தது. இவை அனைத்தும் நோயெதிர்ப்புடன் தொடர்புடையவை. வேறு சில தன்னுடல் தாக்குநோய்களிலும் இவற்றுள் பலவற்றுக்குப் பங்கு உண்டு.

பிறபொருளெதிரிகள் தரும் தடயம்

நோயாளியின் குருதியில் காணப்படும் பிறபொருளெதிரியின் வகை, நோய் செல்லும் போக்கை ஓரளவு முன்னறிவிக்கின்றது. டோப்போஐசோமரேஸ்-1 நொதிக்கு எதிரானது உள்ளவர்களிடம் நுரையீரல் நாரிழையாக்கம் மிகுதி. நிறப்புரியின் சென்ட்ரோமியர் பகுதிக்கு எதிரானது உள்ளவர்களிடம் தோல் பாதிப்பு குறைவு. ஆனால் நுரையீரல் தமனிகளில் அழுத்தம் உயரக்கூடும். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-3 நொதிக்கு எதிரானது உள்ளவர்களிடம் சிறுநீரகப் பாதிப்பும், நோய் தொடங்கும் காலத்தை ஒட்டிப் புற்றுநோயும் காணப்படுவது கூடுதல்.

2014 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இக்கடைசி வகை நோயாளிகள் சிலரின் புற்றுக்கட்டியில் அதே நொதிக்குரிய மரபணு திரிந்திருப்பதைக் கண்டறிந்தனர். திரிந்த புரதத்தை அழிக்க எழுந்த நோயெதிர்ப்பு, இயல்பான புரதத்தையும் தாக்கத் தொடங்குகின்றது என்பது இதன் பொருள். நோயின் ஒரு பிரிவுக்கேனும் தொடக்கம் எங்கே என்பதை இவ்வாய்வு சுட்டிக்காட்டியது.

புறச்சூழல் காரணிகள்

சிலிக்கா: மணலிலும் கருங்கல்லிலும் உள்ள படிகச் சிலிக்கா உடைபடும்போது கண்ணுக்குப் புலனாகாத நுண்துகளாகி நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றது. அங்குள்ள விழுங்கு உயிரணுக்கள் அத்துகளை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க இயலுவதில்லை. துகளால் உயிரணுவின் உட்பைகள் கிழிந்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 வெளிப்படுகின்றது. இத்தொடர் நிகழ்வின் மூலக்கூற்று வழி 2008 இல் விளக்கப்பட்டது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010 இல் வெளியான தொகுப்பாய்வு, சிலிக்காவுக்கு உட்பட்ட ஆண்களிடம் நோய்வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என மதிப்பிட்டது.

வேதிப்பொருட்கள்: பி.வி.சி. நெகிழி உருவாக்கப் பயன்படும் வினைல் குளோரைடு வளிமத்துக்கு உட்பட்ட தொழிலாளர்களிடம், தோலிறுக்கத்தை ஒத்த நிலையும் விரல் நுனி எலும்புகள் கரைதலும் காணப்பட்டன. டிரைகுளோரோஎத்திலீன் முதலிய கரிமக் கரைப்பான்களுக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. 1981 இல் ஸ்பெயினில் கலப்பட எண்ணெயை உட்கொண்ட பலரிடமும் தோலிறுக்கம் தோன்றியது.

எல்லா ஐயங்களும் மெய்ப்பிக்கப்படவில்லை. சிலிக்கோன் மார்பகப் பதியங்கள் இந்நோயை உண்டாக்குகின்றன என்ற கருத்து 1990களில் பரவியது. அதற்குச் சான்று இல்லை என அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1999 இல் அறிவித்தது. தாயின் உடலில் தங்கிவிடும் கருவின் உயிரணுக்களே காரணம் என முன்வைக்கப்பட்ட கருதுகோளும், அத்தகைய உயிரணுக்கள் நலமான பெண்களிடமும் காணப்படுவதால் முடிவுறாமல் நிற்கின்றது.

வடசென்னைத் தொழிற்பகுதியும் இந்நோயும்

வடசென்னையில் துறைமுகங்கள், வாகன ஆலைகள், வார்ப்பாலைகள், அனல்மின் நிலையங்கள், மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு மற்றும் வேதிப்பொருள் ஆலைகள் ஆகியன அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவை அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நோய்க்காரணி எனக் கூறுதல் பிழையாகும். மேற்கண்ட ஆய்வுகளின்படி கவனத்துக்குரியவை குறிப்பிட்ட சில பணிகளே.

வார்ப்பாலையில் மணல் அச்சைத் தயாரித்தல், வார்த்த உருப்படியில் ஒட்டிய மணலை உடைத்து அகற்றுதல், இரும்புப் பரப்பின் துருவை மணல் வீச்சால் நீக்குதல் ஆகிய பணிகளில் படிகச் சிலிக்காத் தூசி எழுகின்றது. காசிமேடு போன்ற மீன்பிடித் துறைகளில் ஃபைபர் படகு கட்டுவோர் கையாளும் பிசினில் ஸ்டைரீன் உள்ளது. வண்ணப்பூச்சுக்குத் தின்னரும் பயன்படுகின்றது. இவை கரிமக் கரைப்பான் வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஃபைபரைத் தேய்க்கும்போது எழும் கண்ணாடி இழைத்தூசி, மூச்சுக்குழாய்க்குத் தீங்கானது எனினும், படிகச் சிலிக்கா அன்று. அனல்மின் நிலையச் சாம்பலிலும் சிலிக்காவின் பெரும்பகுதி கண்ணாடி வடிவிலேயே உள்ளது. சிறு பகுதியே படிகமாகும்.

மீன்பிடித் துறையில் ஐஸ் உடைப்போர், ஐசில் இட்ட மீனைத் தரம் பிரிப்போர் ஆகியோரின் விரல்கள் மரத்துப்போவது இயல்பாகக் கருதப்படுகின்றது. குளிர் ரேனோ நிகழ்வை வெளிப்படுத்துமே அன்றி, தோலிறுக்க நோயை உண்டாக்குவதில்லை. ஆயினும் தொழிலின் குளிரால் வந்தது என விட்டுவிட்டால் நோயின் முதல் அறிகுறி தவறிப்போகும். கருநிறத் தோலில் வெளிறல் எளிதில் புலப்படாது என்பதும் கருதத்தக்கது. வேலை இல்லாத நாட்களிலும் விரல் வெளிறுதல், விரல்கள் வீங்கித் தடித்தல், விரல் நுனியில் ஆறாத புண், படியேறினால் மூச்சு வாங்குதல் ஆகியவை சேர்ந்து வந்தால் வாதநோயியல் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

வார்ப்பாலைத் தொழிலாளி ஒருவருக்கு நுரையீரல் பாதிப்பு இருப்பின், அது சிலிக்கோசிஸ், காசநோய், தோலிறுக்க நோய் ஆகிய மூன்றில் ஒன்றாகவோ, ஒன்றுக்கு மேற்பட்டதாகவோ இருக்கலாம். மருத்துவம் ஒவ்வொன்றுக்கும் வேறு. இழப்பீடும் இதனைப் பொறுத்ததே. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸ் இடம்பெற்றிருந்தது. தோலிறுக்க நோய் இடம்பெறவில்லை.

தடுப்பும் மருத்துவமும்

மரபணுவை மாற்ற இயலாது. தூசியைக் குறைக்க இயலும். நீர் தெளித்து வேலை செய்தல், தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றுதல், மணலுக்குப் பதிலாகச் சிலிக்கா இல்லாத பொருளைப் பயன்படுத்துதல் ஆகியவை முதன்மையான வழிகள். முகத்தில் கட்டும் துணி நுண்துகளைத் தடுக்காது; அதற்கென அமைந்த மூச்சுக் கவசம் தேவை.

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. எனினும் காரணிகளைப் பற்றிய ஆய்வுகள் மருத்துவத்தை மாற்றியுள்ளன. எண்டோதீலினைத் தடுக்கும் மருந்துகள் நுரையீரல் தமனி அழுத்தத்துக்கும், ஏ.சி.இ. தடுப்பிகள் சிறுநீரக நெருக்கடிக்கும் பயன்படுகின்றன. நுரையீரல் நாரிழையாக்கத்தின் வேகத்தைக் குறைக்கும் நின்டெடானிப் 2019 இலும், இன்டர்லூக்கின்-6 இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் 2021 இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இறுகிய இழையத்தை இம்மருந்துகள் பழைய நிலைக்குக் கொணர்வதில்லை. மேலும் இறுகுவதையே மட்டுப்படுத்துகின்றன. ஆகவே நோயை முற்காலத்திலேயே கண்டறிதல் இன்றியமையாதது.