கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14!

வேலையில் அடிபட்ட திருப்பூர்த் தொழிலாளி நஷ்டஈடு பெறுவது எப்படி?

கட்டைவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கு 7. சுண்டு விரலுக்கும் 7.

இது ஜோசியக் கணக்கு அல்ல. சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் கணக்கு. ஒரு தொழிலாளியின் சம்பாதிக்கும் சக்தியை 100 என்று வைத்துக்கொண்டால், எந்த விரலோடு அதில் எவ்வளவு போகிறது என்று சர்க்கார் பட்டியல் போட்டிருக்கிறது. மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண் மட்டும் போனால் 40. இரண்டு கைகளும் போனால் 100.

திருப்பூரில் கட்டிங் மேஜை முன்னால் நிற்பவர்களில் இந்தப் பட்டியலைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்!

நூலாக உள்ளே போய் பனியனாக வெளியே வரும் ஊர் இது. வழியில் எத்தனை யந்திரங்கள்! துணி அடுக்கை அறுக்கிற கத்திக்குத் துணியும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். ஓவர்லாக் ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. ஈரத்துணி உருளைகளுக்கு நடுவே போகும்போது, கையையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. சாயப்பட்டறையில் கொதிநீர், அமிலம், நீராவி. எல்லாவற்றையும்விடக் கொடியது கழிவுத் தொட்டி. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி மாண்டார்கள்.

"வீட்டில் விழுந்தான்"

விபத்து நடந்தவுடன் பல இடங்களில் நடப்பது இதுதான்.

அடிபட்டவரை வண்டியில் ஏற்றுகிறார்கள். ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். "எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்கிறார். தொழிலாளி வலியில் துடித்துக்கொண்டிருக்கிறார். கூட வந்தவர் முந்திக்கொண்டு, "வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டான்" என்கிறார்.

அந்த ஒரு வாக்கியத்தின் விலை சில லட்சம் ரூபாய்!

பிறகு ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கட்டுகிறது. சனிக்கிழமை சம்பளத்தோடு சில ஆயிரங்கள் சேர்த்துத் தருகிறார்கள். "முதலாளி நல்லவர், கைவிடவில்லை" என்று தொழிலாளியும் சந்தோஷப்படுகிறார். முதலாளி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தர்மமும் நஷ்டஈடும் ஒன்றல்ல. வேலையில் பட்ட காயத்துக்கு ஆன வைத்தியச் செலவைத் தருவது முதலாளியின் கடமை என்று 2009-ஆம் வருஷத் திருத்தம் சொல்லிவிட்டது. அது தனி, நஷ்டஈடு தனி. ஒன்றைக் கொடுத்ததால் மற்றது தீர்ந்துபோகாது.

ஆகவே முதல் காரியம், நடந்ததை நடந்தபடி எழுத வைப்பது. எந்த யந்திரம், எந்த இடம், எத்தனை மணி என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியானால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பெனியின் விபத்துப் புத்தகத்திலும் பதிய வேண்டும். மறுத்தால், ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். கூட நின்று பார்த்த இரண்டு பேர் பெயரும் வேண்டும். இன்று கூட நிற்பவர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்; திருப்பூரில் இது சகஜம்.

இரண்டு கதவுகள்

நஷ்டஈட்டுக்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று இ.எஸ்.ஐ. மற்றொன்று, முதலாளியே தரவேண்டிய நஷ்டஈடு. ஒரே காயத்துக்கு இரண்டு கதவையும் தட்ட முடியாது. தன் கதவு எது என்று தெரியாமல் அலைகிறவர்கள்தான் அதிகம்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2017 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் அடக்கம். 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி, சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் தொழிலாளியிடம் பிடிக்கிறார்கள். மூன்றேகால் ரூபாய் முதலாளி போடுகிறார்.

இந்தத் திட்டத்தை 1952 பிப்ரவரியில் கான்பூரில் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். 1955 ஜனவரியில் அது கோயமுத்தூருக்கு வந்தது. திருப்பூர்க்காரர்கள் பெரிய வைத்தியத்துக்கு சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு 50 கிலோமீட்டர் பஸ் ஏறிப்போன காலம் நெடுங்காலம். திருப்பூருக்கென்று 100 படுக்கை ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டியதே 2019 பிப்ரவரியில்தான். இவ்வளவு பனியன் விற்ற ஊருக்கு இது மிகத் தாமதம்.

இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்குப் பணம் பெற, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலையில் பட்ட காயத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. காயம் ஆறும்வரை தினச் சம்பளத்தில் நூற்றுக்கு 90 வீதம் கிடைக்கும். அடிபட்ட நாள் நீங்கலாக மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்திருக்க வேண்டும்.

விரலே போய்விட்டால்? மருத்துவ போர்டு பார்த்து எத்தனை சதவீதம் நஷ்டம் என்று சொல்லும். தினச் சம்பளம் 400 ரூபாய் என்று வையுங்கள். அதில் 90 சதவீதம் 360. ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம். அதாவது நாளுக்கு 50 ரூபாய் 40 காசு. மாதம் சுமார் 1,500 ரூபாய். பெரிய தொகை அல்லதான். ஆனால் ஆயுள் முழுவதும் வரும். மறுபடி வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் வரும்.

"கம்பெனியில் என் பேரில் இ.எஸ்.ஐ. பிடிக்கவே இல்லையே!" என்று சிலர் தவிப்பார்கள். தவிக்க வேண்டாம். திட்டத்துக்கு உட்பட்ட தொழிற்சாலையாக இருந்தால் போதும். முதலாளி பெயரைப் பதியவில்லை, சந்தா கட்டவில்லை என்பதால் தொழிலாளியின் உரிமை போய்விடாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. கொடுக்கும்; கொடுத்ததை முதலாளியிடம் அதுவே வசூல் செய்துகொள்ளும். அங்கே வேலை செய்தோம் என்பதற்கு மட்டும் தொழிலாளியிடம் அத்தாட்சி இருக்க வேண்டும்.

எட்டுப் பேர் பட்டறை

திருப்பூரின் கதையில் பாதி, பெரிய கம்பெனிக்கு வெளியே நடக்கிறது. வீட்டு மாடியில் ஆறு மெஷின். சந்துக்குள்ளே எட்டுப் பேர் ஜாப் ஒர்க். அங்கே இ.எஸ்.ஐ. இல்லை. அவர்களுக்குத்தான் இரண்டாவது கதவு.

1923-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 100 ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் வருஷ சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இ.எஸ்.ஐ. சட்டமும் அதற்குள்ளேயே போய்விட்டது. விரல் கணக்குப் பட்டியல் புதிய சட்டத்தின் நான்காவது அட்டவணையில் இருக்கிறது. வயதுக் கணக்கு ஆறாவது அட்டவணையில். விபத்து எந்தத் தேதியில் நடந்ததோ, அந்தத் தேதியில் இருந்த சட்டமே செல்லும்.

கணக்கைப் பார்க்கலாம். 30 வயது கட்டிங் மாஸ்டர். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 7,200. 30 வயதுக்கு அட்டவணை சொல்லும் எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 14,97,456 ரூபாய். கட்டைவிரல் போயிருந்தால் இதில் 30 சதவீதம்: சுமார் 4,49,000. ஆள்காட்டி விரல் என்றால் சுமார் 2,09,000. அவர் இறந்தே போனால் 60-க்குப் பதில் 50 சதவீதம் போட்டு, குடும்பத்துக்கு 12,47,880 ரூபாய்.

மொத்தமாக ஒரு தொகை! கையில் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த எண்களை இன்னொரு தடவை படிக்கலாம்.

அந்தக் கையெழுத்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. நஷ்டஈடே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. தொகையைப் பேசி முடித்துக்கொண்டால் அந்த ஒப்பந்தத்தை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொழிலாளி இறந்துவிட்டால் பணத்தை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். பெண் தொழிலாளிக்குத் தரும் மொத்தத் தொகையும் அப்படியே. வீட்டுக்குப் போய் நேரில் கொடுத்தேன் என்று பிற்பாடு சொன்னால், அநேகமாக அது கணக்கில் சேராது.

"அவன் காண்ட்ராக்டர் ஆள், எனக்குச் சம்பந்தமில்லை" என்பது இன்னொரு பல்லவி. தன் தொழில் வேலையைக் காண்ட்ராக்டில் விட்டாலும் முதலாளி பொறுப்பாளிதான். அவர் முதலில் கொடுத்துவிட்டு, காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கும் உரிமை உண்டு.

தொழிலாளி பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. குடித்துவிட்டு யந்திரத்தைத் தொட்டு அடிபட்டால், அல்லது காப்புத் தகட்டை வேண்டுமென்றே கழற்றி வைத்திருந்தால், நஷ்டஈடு கிடைக்காமல் போகலாம். உற்பத்தி ஓடவேண்டும் என்று கழற்றச் சொன்னது மேஸ்திரி என்றால், அதை மனுவில் எழுத வேண்டும். மரணம் நேர்ந்தாலோ, முழு ஊனம் ஏற்பட்டாலோ இந்தச் சாக்குகளைச் சட்டம் ஏற்பதில்லை.

ஒற்றைக் கைத் தச்சர்

அட்டவணையே கடைசி வார்த்தை அல்ல. ஒரிஸ்ஸாவில் ஜெய்ப்பூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. ராஜஸ்தான் ஜெய்ப்பூர் வேறு. அங்கே ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்த தச்சர் ஒருவர் 1968 ஜூலை 6-ந் தேதி கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அட்டவணைப்படி ஒரு கைக்கு நூறு கிடையாது. ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியுமா? முடியாது, ஆகவே அவருக்கு நூற்றுக்கு நூறு நஷ்டம் என்று கமிஷனர் சொன்னார். 9,800 ரூபாயும், அதற்கு மேல் வட்டியும் அபராதமும் விதித்தார். கொட்டகைக்காரர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். அங்கேயும் தச்சர்தான் ஜெயித்தார். நஷ்டஈடு, அடிபட்ட நிமிஷத்திலிருந்தே பாக்கி. தீர்ப்பு வந்த பிறகு அல்ல என்றும் கோர்ட்டு சொல்லிவிட்டது.

இந்தத் தீர்ப்பு திருப்பூருக்கு ரொம்பவும் பொருந்தும். வலது கை கட்டைவிரல் போன கட்டிங் மாஸ்டருக்கு 30 சதவீதம்தானா? இனி அவர் கத்தி பிடிக்க முடியுமா? மனுவில் இதைக் கேட்கலாம். டாக்டர் சாட்சியத்தோடு கேட்க வேண்டும்.

விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் முதலாளி கொடுக்காவிட்டால் பழைய சட்டப்படி நூற்றுக்கு 12 வட்டி. தகுந்த காரணமில்லாத தாமதம் என்றால் பாக்கியில் பாதி வரை அபராதம். புதிய சட்டத்திலும் வட்டி உண்டு. பாதி வரை அபராதமும் உண்டு.

மனு எங்கே, எப்போது?

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனுப் போட வேண்டும். வக்கீல்தான் வர வேண்டும் என்பதில்லை. அதிகாரம் பெற்ற சங்க நிர்வாகியும் வாதாடலாம். பஞ்சப்படிக்காக 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊரில் சங்கத்துக்குப் பஞ்சமில்லை. வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2009-ஆம் வருஷத் திருத்தத்தில் எழுதினார்கள். எழுதினார்கள், அவ்வளவுதான்!

திருப்பூருக்கு இப்போது ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சாயப்பட்டறையில் கணவன் மாண்டுபோனால், தமிழ் தெரியாத மனைவி இங்கே வந்து எங்கே தங்குவாள், யாரைக் கேட்பாள்? அவள் வர வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் ஜில்லாவின் அதிகாரியிடமே மனுப் போடலாம். திருப்பூர் முதலாளி அங்கே பதில் சொல்ல வேண்டும். அவள் கையில் கணவனின் கம்பெனி அடையாள அட்டையும், சம்பளம் வரவான பாங்க் பாஸ் புத்தகமும், மரணச் சான்றும், பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இருந்தால் மனுவுக்குப் பலம். பிரேதத்தை ரயிலேற்றி அனுப்பும் அவசரத்தில் இந்தக் காகிதங்கள்தான் திருப்பூரிலேயே தங்கிவிடுகின்றன.