நடவாட்களைத் தொழிலிற் பழக்கும் முறை

ஒற்றை நாற்று நடவு என வழங்கும் திருந்திய நெற்சாகுபடியைப் பற்றி நமது புதுக்கோட்டை ஜில்லாக் குடியானவர்கள் நன்கறிவர். 1980-களில் மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லௌலானி என்னும் பாதிரியார் வகுத்த இம்முறை, 2007-ல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்தின் வாயிலாகவும் தமிழ்நாட்டில் பரப்பப்பட்டது. ஆயினும் ஒரு போகம் செய்து பார்த்தோர் சிலர், மறுபோகம் பழைய வழக்கத்திற்கே திரும்பிவிடுகின்றனர். காரணம் கேட்டால், "ஆட்கள் நடமாட்டேன் என்கிறார்கள்" என்பார்கள். குறை ஆட்களிடத்தில் இல்லை. பயிற்சி தகாதவரிடம் போய்ச் சேருகிறது என்பதே என் அபிப்பிராயம்.

பயிற்சிக் கூட்டங்களுக்கு வருவோர் நிலச்சொந்தக்காரர்கள். நாற்றைக் கையில் எடுப்போரோ நடவுப் பெண்கள். வரப்பில் நின்று சொல்லப்படும் ஐந்து நிமிஷ உபதேசமே இவர்களுக்குக் கிட்டும் முழுப் பயிற்சியாகும். 25, 30 நாள் நாற்றை மூன்று நான்காகச் சேர்த்து விரைந்து ஊன்றிப் பழகிய விரல்கள், 14 நாள் இளநாற்றை வேர்மண் உதிராமல், ஓர் அங்குலத்திற்கு மேல் ஆழாமல், 10 அங்குலச் சதுரத்தில் ஒவ்வொன்றாக வைக்கவேண்டும். முதல் நாளில் வேலை தாமதப்படுவது இயல்பே. ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகை பேசியிருந்தால், அத்தாமதத்தின் நஷ்டம் முழுவதும் கூலிக்காரரையே சாரும். பிறகு அவர்கள் எவ்வாறு மனமொப்பி நடுவர்?

ஆகையால், பயிற்சி நாளுக்கு முழு நாட்கூலி கொடுத்தல் அவசியம். ஓர் ஏக்கர் நடவுக்கு ஒரு சென்டு நாற்றங்காலே போதுமாதலால், விதையில் மிச்சப்படும் பணம் இச்செலவிற் பெரும் பங்கை ஈடுசெய்யும். நாற்றங்காலில் ஒரு பாத்தியை மட்டும் மூன்று நாள் முந்தி விதைத்தால், பயிற்சிக்குரிய நாற்று நடவுக்கு முன்னரே ஆயத்தமாகும். சேறாக்கிய ஐந்து சென்டு நிலத்தில், முடிச்சிட்ட கயிற்றைப் பிடித்து, எட்டுப் பத்துப் பேரை மட்டும் பழக்குக. நடவுக் கூட்டத்தை நடத்திவரும் மூத்தவளுக்கு முதலிற் கற்பித்தல் நலம். பிறர் அவள் கையைப் பார்த்தே நடுவர். 1991-ல் அறிவொளி இயக்கத்தினர் இந்த ஜில்லாவிற் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியபோதும், கற்ற பெண்கள் மற்றோருக்குக் கற்பித்ததுண்டு.

நட்ட பத்தாம் நாள் களைக்கருவியை உருட்டவும் அதே பெண்களை அழைத்தல் வேண்டும். இதனைப் பலர் செய்வதில்லை. வரிசை கோணியவிடத்தில் கருவி பயிரை மிதித்துச் செல்வதைக் கண்ணாற் காணும்போதுதான் கயிற்றின் பிரயோஜனம் விளங்கும். பின்னர் 30-ஆம் நாள், பழைய முறையில் நட்ட ஒரு பாத்தியையும் பக்கத்திலிருக்கும் புதுப்பயிரையும் காட்டி, தூர்களை அவர்களையே எண்ணச் செய்யலாம். 1989-ல் இந்தோனேஷியாவில் புகையான் பூச்சியை ஒடுக்க ஏற்பட்ட வயல்வெளிப் பள்ளிகளும், போகம் முழுவதும் வாரந்தோறும் வயலிலேயே இவ்வாறு நடைபெற்றன.

கண்மாய் நிரம்பியபின் ஊரெங்கும் ஒரே சமயத்தில் நடவு மும்முரமாகும். அப்போது ஆள் கிடைப்பதே அரிது. எனவே கிராம அதிகாரிகள், நாற்றுவிட்டோர் விவரத்தையும் விதைத்த தேதியையும் முன்னதாகவே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத் தெரிவித்தால், நடவுக்கு இரண்டு நாள் முந்திப் பயிற்சிக்கு நாள் குறிக்க வசதியாயிருக்கும்.