கொடுக்காத பிள்ளைக்கு என்ன ஆனது?

விருத்தாசலத்தில் செராமிக் என்றால் ஒரு தொழிற்பேட்டை, ஒரு பயிலகம், பொம்மையும் அகல் விளக்கும் வேகும் சூளைகள். செராமிக் வேலை தெரிந்தவர்கள் புதுக் கிளேஸ் கலவையை எடுத்த எடுப்பில் மொத்தச் சரக்கிலும் பூச மாட்டார்கள். சின்னத் துண்டுகளில் பூசி, பழைய கலவை பூசிய துண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே சூட்டில் வேகவைத்துப் பார்ப்பார்கள். பழையது பக்கத்தில் இல்லாவிட்டால், வந்த பளபளப்பு கலவையால் வந்ததா, அன்றைக்குச் சூளை எரிந்த விதத்தால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? மண்ணுக்குக் காட்டும் இந்தச் சிரத்தையைக் கைக்குழந்தைக்கு நாம் காட்டுவதில்லை.

மண் வேலையை ஒட்டியே ஒரு வைத்தியமும் நம்மிடம் உண்டு, அக்கி எழுதுவது. கொப்புளம் கண்ட இடத்தில் மண்பாண்டம் செய்பவர் காவியைக் குழைத்துச் சிங்கம் எழுதுவார். சில நாள் எழுதினால் இறங்கிவிடும் என்பார்கள். இறங்கத்தான் செய்கிறது. சின்னம்மை வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து பின்னாளில் கிளம்புவதுதான் பெரும்பாலும் அக்கி. எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் காய்ந்து உதிரும். எழுதுகிறவரிடம் சூது இல்லை. அவர் கண்ணெதிரே புண் ஆறுகிறது, நம்பாமல் என்ன செய்வார்? கண்ணருகே வந்த அக்கியை மட்டும் காவியோடு விட்டுவிடக் கூடாது, பார்வைக்கே ஆபத்து.

கைக்குழந்தை விஷயத்தில் இந்த மயக்கம் இன்னும் பலமானது. பிறந்த சில வாரங்களில், சாயங்காலமானால் வீறிட்டு அழத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. ஆறாவது வாரத்தையொட்டி அழுகை உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். பெற்றவர்கள் மருந்து தேடி அலைவது அந்த உச்சத்தில்தான். அதற்கப்புறம் இறக்கம்தானே! இறங்கும் நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். வசம்பு உரைத்தவர் வசம்பு என்பார், மந்திரித்தவர் விபூதி என்பார், பாட்டில் வாங்கியவர் கிரைப் வாட்டர் என்பார். அந்தக் கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் செய்தது. பழைய கலவையில் சர்க்கரை, சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய், கூடவே கொஞ்சம் ஆல்கஹாலும் இருந்தது. பின்னாளில் ஆல்கஹாலை எடுத்துவிட்டார்கள், பேர் மட்டும் குறையவில்லை.

வசம்புக்கு வேறொரு கதை உண்டு. ராத்திரியில் அதைப் ‘பேர் சொல்லாதது’ என்றுதான் கேட்டு வாங்குவார்கள்; பிள்ளை வளர்ப்பான் என்றும் அதற்குப் பெயர். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டி வந்ததால், அமெரிக்காவில் 1968இல் அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். எலிக்கு வந்தது பிள்ளைக்கும் வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்ற பிறகு, சரியாகக் கழுவாத உரைகல்லிலிருந்து ஒரு சங்கு மருந்து எதற்கு?

தொக்கம் எடுப்பது இந்த வரிசையில் சேராது. பிள்ளை பால் குடிக்கவில்லை, கக்குகிறது என்று தூக்கிக்கொண்டு போனால், உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள். வயிற்றில் வாயையோ ஒரு குழலையோ வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டுவார்கள். ஒரு சோற்றுப் பருக்கை, ஒரு முடி, ஒரு துணுக்குத் தேங்காய். தாய்ப்பாலைத் தவிர எதையும் ருசிக்காத மூன்று மாதப் பிள்ளையின் வயிற்றுக்குள் தேங்காய் எப்படிப் போனது? போனதுதான் போனது, தோலைத் துளைக்காமல் எந்த வழியாக வெளியே வந்தது? அக்கி எழுதுகிறவருக்குக் கொடுத்த சலுகையை இவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. இது கைவித்தை. நிஜமாகவே ஒரு வேர்க்கடலை மூச்சுக்குழலில் சிக்கினால், ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். தொக்கக்காரர் வீட்டு வாசலில் காத்திருக்கும் நேரம் அந்தப் பிள்ளைக்கு இருக்காது.

பாட்டியை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு மெடிக்கல் ஷாப் பாட்டிலைக் கும்பிட முடியுமா? 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சளி இருமலுக்கு ‘கோல்ட்ரிஃப்’ சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இறப்பு 20ஐத் தாண்டியது. சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். குற்றம் கலப்படத்தினுடையது, சரி. ஆனால் சாதாரணச் சளி ஒன்றிரண்டு வாரத்தில் தானே போகும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இருமல் சிரப் வேண்டாம், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. மருந்து எழுதாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று சொல்லும் பழக்கம் நமக்குத்தான் இருக்கிறது.

தடுப்பூசி விஷயத்தில் இதே மயக்கம் தலைகீழாக வருகிறது. கொடுத்தோம், சரியானது என்பது அங்கே. போட்டோம், கெட்டது என்பது இங்கே. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி 6 அன்று 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியைக் கண்டு எத்தனையோ பெற்றோர் வேண்டாம் என்றார்கள். மாதக் கடைசியில் முடிய வேண்டிய முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தின் மூலம், 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெளியிட்ட கட்டுரை. அதில் இருந்தது 12 பிள்ளைகள். ஊசி போடாத பிள்ளைகளோடு ஒப்பீடே கிடையாது. அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 5,37,303 பிள்ளைகளை, போட்டவர் போடாதவர் என்று பிரித்துப் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை.

தானாக ஆறாதவையும் உண்டு. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், வலிப்பு, பால் குடிக்க மறுப்பது, விலா உள்வாங்க மூச்சு வாங்குவது, பேதியோடு சிறுநீர் நின்றுபோவது. இவற்றில் எது தெரிந்தாலும் உரைகல்லையும் தொக்கக்காரரையும் தேட வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.