அருங்காட்சியகத்தில் ஒரு மஜ்லிஸ்

'மஜ்லிஸ்' என்னும் அரபுச் சொல் 'ஜலஸ' (அமர்ந்தான்) என்னும் வினையினின்று பிறந்தது. அமரும் இடம் என்பதே அதன் நேர்ப்பொருள். காலப்போக்கில் அவ்விடத்தில் கூடிய அவைக்கும், அவ்வவையில் நிகழ்ந்த உரையாடலைப் பதிவு செய்த நூலுக்கும்கூட அச்சொல்லே பெயராயிற்று. இரவு நேரத்து உரையாடலைக் குறிக்க 'ஸமர்' என்ற தனிச்சொல்லும் அரபியில் உண்டு. இக்காலத்தில் மேலைநாட்டு அருங்காட்சியகங்கள் கலைப்பொருள், இசை, உரையாடல் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைத்து நடத்தும் மாலை அவைகளுக்கு 'ஸலோன்' என்னும் பிரெஞ்சுப் பெயர் வழங்குகிறது. பெயர் பிரெஞ்சு என்பதனால் வழக்கமும் ஐரோப்பாவுக்கே உரியது என்று கொள்வது பொருந்தாது.

இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று ஹதீஸ் உண்டு. அதே வேளையில் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் நூலின் கல்வி பற்றிய பகுதியில், அறிவின் பொருட்டு இரவில் உரையாடுவதற்கென ஒரு தலைப்பையே அமைத்துள்ளார்கள். வீண்பேச்சு வேறு, அறிவைப் பகிரும் பேச்சு வேறு என்னும் பாகுபாடு அத்தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

இப்பாகுபாட்டின்மீது எழுந்த இரவு அவைகளுள் புகழ்பெற்றது, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் பக்தாதில் வஸீர் இப்னு ஸஅதான் நடத்தியதாகும். அங்கு நிகழ்ந்தவற்றை அபூ ஹய்யான் அத்தவ்ஹீதீ 'அல்இம்தாஉ வல்முஆனஸா' என்னும் நூலில் இரவு இரவாகத் தொகுத்தார். அவரை வஸீரிடம் அறிமுகம் செய்துவைத்தவர் கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ. நூலும் அவருக்காகவே எழுதப்பட்டது. கிரேக்கத் தர்க்கத்திற்கும் அரபு இலக்கணத்திற்கும் இடையே மத்தா இப்னு யூனுஸும் அஸ்ஸீராஃபீயும் முன்னர் நிகழ்த்திய விவாதம் இந்நூலின் வழியாகவே பெரிதும் அறியப்படுகிறது. இரவு முதிர்ந்ததும், பிரியுமுன் சுவையான செய்தியொன்றைக் கூறுமாறு வஸீர் கேட்பார். அதற்கு 'முல்ஹத்துல் வதாஉ', அதாவது விடைபெறும் நயம் என்று பெயர். கனமான ஆராய்ச்சிக்கும் மனமகிழ்வுக்கும் ஒரே அவையில் இடமிருந்தது என்பது நோக்கத்தக்கது.

அவை இவ்வாறெனில், அதற்குரிய இடம் எவ்வாறிருந்தது? பிற்காலத்துச் சான்றொன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 'டமாஸ்கஸ் அறை' எனப்படும் அது, அந்நகரத்து இல்லமொன்றின் விருந்தினர் கூடம், அதன் மரவேலை ஹிஜ்ரி 1119 (கி.பி. 1707) என்னும் ஆண்டைத் தாங்கியுள்ளது. 1970இல் கொடையாக வந்த இக்கூடம், 2011இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலைப்பிரிவில் மீண்டும் அமைக்கப்பட்டது. தாழ்ந்த முன்பகுதிக்கு 'அதபா' என்றும், படியேறி அமரும் உயர்ந்த பகுதிக்கு 'தஸர்' என்றும் பெயர். சுவரின் மரப்பலகைகளில் சுண்ணப் பசையால் புடைப்பாகப் பூவும் கனியும் வரைந்து, உலோகத் தகடு பதித்து, வண்ண மெருகு பூசியுள்ளனர். 'அஜமீ' எனப்படும் வேலைப்பாடு இது. பிற்காலத்தில் பூசிய மெருகெண்ணெய் கறுத்துப்போனதால், அதன் பழைய ஒளி இன்று பெரிதும் மங்கியே தோன்றுகிறது.

சுவர்களைச் சுற்றி அரபுக் கவிதை எழுதப்பட்டுள்ளது. தோட்ட வருணனையில் தொடங்கி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழைப் பாடி, வீட்டின் உறுதியையும் பெயர் கூறப்படாத அதன் உரிமையாளரின் நற்பண்பையும் போற்றி, இறுதியில் ஆண்டைக் குறிப்பதோடு அது முடிகிறது. வந்தமர்ந்த விருந்தினர் பேச்சைத் தொடங்குமுன்னரே சுவர் பேசத் தொடங்கிவிட்டது எனலாம்.

பெர்லின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குரிய 'அலெப்போ அறை' மற்றொரு சான்று. 1600-1603 ஆண்டுகளில் ஈஸா இப்னு புத்ருஸ் என்னும் கிறிஸ்தவ வணிகருக்காகச் செய்யப்பட்ட அதன் பலகைகளில் சங்கீத வசனங்களும் அரபு, பாரசீகப் பழமொழிகளும் எழுதப்பட்டுள்ளன. மர்யம் அன்னையின் உருவமும் லைலா மஜ்னூனின் உருவமும் வரையப்பட்டுள்ளன. சமயம் எதுவாயினும், விருந்தினரை வரவேற்கும் கூடத்தின் கலை மொழி ஒன்றாகவே இருந்தது.

இசை குறித்து ஒரு சொல். இவ்வவைகளில் இசைக்கும் இடமிருந்தது என்பது வரலாறு. அதன் சட்டநிலையில் அறிஞர்கள் வேறுபட்டனர் என்பதும் வரலாறே. இப்னு அபித்துன்யா இசைக்கருவிகளைக் கண்டித்துத் தனி நூல் எழுதினார். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் 'ஸமாஉ' என்னும் செவிமடுத்தலின் ஒழுக்கங்களுக்கென ஒரு தனிப்பகுதியை ஒதுக்கி, கேட்பவரின் நிலை, பாடலின் பொருள், இடம், காலம் ஆகியவற்றைப் பிரித்து ஆராய்ந்தார்கள். இருதரப்பையும் அறியாமல் ஒன்றை மட்டும் நம் மரபு என்று கூறுவது நேர்மையாகாது.

இனி நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. அருங்காட்சியகம் மரத்தைக் காத்தது. விருந்தினரைக் காக்க இயலவில்லை. அமர்வதற்கென அமைந்த கூடம், நின்று பார்த்துக் கடந்துபோகும் காட்சிப்பொருளாகிவிட்டது. அக்கூடத்தை ஈன்ற சிரியாவோ 2011 முதல் நீண்ட போரால் சிதைந்து, அதன் மக்கள் பல நாடுகளில் சிதறினர். எனவே இத்தகைய கூடங்களைத் தாங்கிய அருங்காட்சியகங்களில் மாலை அவை கூடுமாயின், அதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது. கூடத்துக்கு அதன் பயனில் ஒரு பகுதியையாவது அது மீட்டுத் தரும். ஆனால் சுவரின் கவிதை அங்கு வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும். அந்நகரங்களிலிருந்து வந்தோர் அங்குப் பேச வேண்டும். இவையின்றி ஊத் இசையை மட்டும் ஒலிக்கச் செய்தால், கூடம் வெறும் பின்னணித் திரையாகவே நிற்கும்.

பணியின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் அந்நகரங்களுக்குச் செல்லும் நம் இளைஞர் பலர். மதரஸாவில் எழுத்துக்கூட்டிப் பயின்ற அரபி அவர்களுக்குச் சிறிதேனும் நினைவிருக்கும். கூட்டத்தோடு கூட்டமாகப் பொன்வண்ணத்தைப் பார்த்துத் திரும்பாமல், சுவரின் முதல் அடியிலிருந்து ஆண்டு குறித்த கடைசி அடிவரை அவர்கள் நின்று படிக்கலாம். உடன் வந்தவருக்கு அதன் பொருளை எடுத்துரைக்கவும் செய்யலாம். மஜ்லிஸ் தொடங்க இருவர் போதும்.