மூன்று ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் கட்டுபடியாகுமா?

கரையான்சாவடி கூட்டுச்சாலையிலிருந்து ஆவடி சாலையிலோ திருமழிசைப் பக்கமோ சில கிலோமீட்டர் சென்றால், வீட்டுமனைகளுக்கு நடுவே இன்னமும் பயிர் செய்யப்படும் நிலங்களைக் காணலாம். அரை ஏக்கர் கீரை, கால் ஏக்கர் மல்லிகை, ஏரி ஓரமாக ஒன்றிரண்டு ஏக்கர் நெல் என்று துண்டு துண்டாக இருக்கும் இந்நிலங்களில் இப்போது உழவு மாடு இல்லை. வாடகை டிராக்டரும் கூப்பிட்ட நாளில் வருவதில்லை. 45 குதிரைச்சக்தி டிராக்டர் வைத்திருப்பவருக்கு அரை ஏக்கர் வேலைக்காக டீசல் செலவழித்து வருவது கட்டுபடியாகாது. வந்தாலும், சுற்றுச்சுவர்களுக்கு இடையே உள்ள குறுகிய சந்தில் அகலமான ரோட்டவேட்டருடன் நுழைய முடியாது. "நாளைக்கு வருகிறேன்" என்றவர் நாலு நாள் கழித்து வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டால் உழவு தள்ளிப்போகிறது. நாற்றங்காலில் நாற்று முற்றிவிடுகிறது.

இந்த நிலையில், சொந்தமாகச் சிறிய டிராக்டர் ஒன்று வாங்கிவிடலாமே என்று பல விவசாயிகள் எண்ணுகிறார்கள். எண்ணம் தவறானதல்ல. ஆனால் பெரும்பாலோர் கடன் பெற்றே வாங்க வேண்டியிருக்கிறது. தவணை கட்ட முடியாமல் போனால் டிராக்டரோடு நிலத்துக்கும் ஆபத்து. ஆகவே விற்பனைக் கடைக்குப் போகும் முன், ஆண்டில் எத்தனை மணி நேரம் அந்த டிராக்டருக்கு வேலை இருக்கும் என்பதை வீட்டிலேயே உட்கார்ந்து கணக்கிட வேண்டும்.

சிறிய டிராக்டர் நமக்குப் புதியது போலத் தோன்றினாலும் அதன் வரலாறு பழையது. சிறு வயல்கள் நிறைந்த ஜப்பானில்தான் இவ்வகை எந்திரங்கள் பெரிதும் வளர்ந்தன. 1960-களில் ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் பவர் டில்லர்கள் நம் நாட்டுக்கு வந்தன. மிட்சுபிஷி நிறுவனத்தின் கூட்டுறவுடன் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் 1967-ல் தொடங்கப்பட்டது. கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973-ல் ஏற்பட்டது. அமெரிக்காவிலோ குபோட்டா நிறுவனம் 1969-ல் 21 குதிரைச்சக்தி டிராக்டரை விற்கத் தொடங்கியது. அங்கே சிறிய டிராக்டரை வாங்கியவர்களில் பலர் பயிர் செய்பவர்களே அல்லர். வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் புல் வெட்டவும், மண் அள்ளவும், பனி தள்ளவும் அதைப் பயன்படுத்தினார்கள். இந்தச் செய்தியில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. அது பின்னால் வரும்.

நம் ஊருக்கு அருகிலேயே, செம்பியத்தில், 1960-களிலிருந்து டிராக்டர் தயாரிக்கப்பட்டு வந்தாலும் அவை பெரும்பாலும் 35 குதிரைச்சக்தி அல்லது அதற்கு மேற்பட்டவை. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த அளவு நிலத்துக்குப் பெரிய டிராக்டர் பொருந்தாது என்பது தெளிவு. 11 முதல் 25 குதிரைச்சக்தி வரை பல மாடல்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன.

உழவுக்கு மட்டும் என்றால்

மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 18 குதிரைச்சக்தி டிராக்டரும் மூன்றடி அகல ரோட்டவேட்டரும் வாங்குகிறார்கள். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திருப்பங்களில் போகும் நேரத்தையும் சேர்த்து ஒரு மணியில் 45 சென்ட் நிலம் முடியும். ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டேகால் மணி. ஆண்டுக்கு மூன்று பயிர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டு என்று வைத்தால் மொத்தம் 18 ஏக்கர் ஓட்டு. அதற்கு ஆகும் நேரம் 40 மணிதான். ஆண்டின் மற்ற நாட்களில் டிராக்டர் கொட்டகையில் நிற்கும். வட்டி மட்டும் நிற்காது.

செலவைப் பார்ப்போம். டிராக்டர், ரோட்டவேட்டர், சிறிய டிரெய்லர் மூன்றும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். பத்து ஆண்டு கழித்து ஒரு லட்சத்துக்கு விற்கலாம் என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். சராசரியாக முடங்கும் மூன்று லட்சத்துக்கு 10 சதவீத வட்டி 30,000 ரூபாய். காப்பீடு, கொட்டகை முதலியவற்றுக்கு 8,000 ரூபாய். ஆக, டிராக்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 78,000 ரூபாய் நிலையான செலவு. ஓடும்போது மணிக்கு டீசல் 200 ரூபாய், எண்ணெயும் பழுதும் 50 ரூபாய், ஓட்டுபவர் கூலி 100 ரூபாய், மொத்தம் 350 ரூபாய். மகனே ஓட்டினாலும் கூலியைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அவன் நேரத்துக்கும் விலை உண்டு.

ஆண்டில் 40 மணி மட்டும் ஓட்டினால் ஒரு மணிக்கு 2,300 ரூபாய் அடக்கமாகிறது. ஒரு ஏக்கரை ஒருமுறை ஓட்ட 5,000 ரூபாய்க்கு மேல். இது எந்த வாடகையைவிடவும் அதிகம். 100 மணி ஓட்டினால் மணிக்கு 1,130 ரூபாய். 300 மணி ஓட்டினால் 610 ரூபாய்; அப்போது ஏக்கருக்கு 1,400 ரூபாய்க்குள் அடங்கும். அவரவர் ஊர் விலை, வட்டி, வாடகை ஆகியவற்றைப் போட்டு இதே கணக்கை மாற்றிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பெரிய டிராக்டரின் ஒரு மணி வேலையும் சிறிய டிராக்டரின் ஒரு மணி வேலையும் சமமல்ல. மணிக் கூலியை ஒப்பிடாமல் ஏக்கர் கூலியை ஒப்பிட வேண்டும்.

மீதி மணிகள் எங்கிருந்து வரும்?

அமெரிக்கக்காரர் புல் வெட்டிய கதை இங்கேதான் உதவும். சிறிய டிராக்டர் பிழைப்பது உழவால் அல்ல, சில்லறை வேலைகளால். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்றால் மூன்று ஏக்கருக்கு 15 டன். ஒரு டன் டிரெய்லரில் பதினைந்து நடை அடிக்கலாம். பார் போடுதல், வரப்பை ஒட்டிய மண்ணைத் தள்ளிச் சமன் செய்தல், தென்னை வரிசைகளில் களை உழவு, மருந்து தெளித்தல், பி.டி.ஓ. தண்டின் விசையில் பம்பு ஓட்டித் தேங்கிய நீரை இறைத்தல், கழிவு மட்டைகளைச் சிறிய துகளாக்கும் கருவியை இயக்குதல் என்று வேலைகள் பல. இவற்றைச் சேர்த்தாலும் மூன்று ஏக்கரில் 100 மணியைத் தாண்டுவது அரிது. மீதி 150, 200 மணி அக்கம்பக்கத்து நிலங்களில்தான் கிடைக்க வேண்டும். பெரிய டிராக்டர் நுழைய மறுக்கும் கால் ஏக்கர், அரை ஏக்கர் நிலங்கள் இந்தப் பகுதியில் நிறைய இருப்பதால் இது நடக்கக்கூடியதே. நாலைந்து பேர் கூடி, சம்பா, நவரை, சொர்ணவாரி மூன்று பருவத்துக்கும் யாருக்கு எத்தனை மணி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு வாங்குவது இன்னும் நல்லது. ஒரே நாளில் எல்லோரும் கேட்டால் யாருக்கு முதலில் என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். கூட்டு எந்திரத்தில் சண்டை வருவது பெரும்பாலும் பணத்தால் அல்ல, மழைக்கு முந்தைய அந்த இரண்டு நாட்களால்தான்.

அந்த அளவுக்கு மணிகள் சேராது என்று தெரிந்தால் வாங்காமல் இருப்பதே லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் டிராக்டரையும் கருவிகளையும் முன்பதிவு செய்து பெறலாம். கீரையும் மல்லிகையும் மட்டும் வைத்திருப்பவருக்குக் களையெடுக்கும் பவர் வீடரே போதும். மல்லிகையை ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். செடி பம்மி வளர்ந்தபின் அந்தச் சந்தில் எவ்வளவு சிறிய டிராக்டரும் போகாது. போகும் என்று விற்பவர் சொன்னால், நம் தோட்டத்துக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஏழரை மீட்டர் இடைவெளி உள்ள தென்னந்தோப்பிலோ, மாந்தோப்பிலோ அது தாராளமாகத் திரும்பும்.

சேற்றுழவு பெரும்பங்காக இருந்தால் யோசிக்க வேண்டும். இரண்டு சக்கர விசை மட்டும் உள்ள இலேசான டிராக்டர் ஆழச் சேற்றில் புதைந்துவிடும். நான்கு சக்கர விசை உள்ளது விலை கூடுதலானாலும் அங்கே அதுதான் ஏற்றது. அல்லது பவர் டில்லரோடு நிறுத்திக்கொள்ளலாம். கேஜ் வீலுடன் தார்ச்சாலையில் ஏறக் கூடாது. சாலையும் கெடும், வண்டியும் கெடும்.

எந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் குதிரைச்சக்தியை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. கருவியை இயக்குவது பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் சக்தி. அது என்ஜின் சக்தியைவிடக் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை எந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. வாங்க நினைக்கும் மாடலின் அறிக்கையைக் கேட்டு, பி.டி.ஓ. சக்தி, இழுவைத் திறன், டீசல் செலவு மூன்றையும் பார்க்க வேண்டும். உதிரிபாகம் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ கிடைக்குமா என்பதும் அதே அளவு முக்கியம். நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடை இருந்தால் சிறு பழுதுக்கே ஒரு வாரம் போய்விடும்.

வேட்டியும் சுழலும் தண்டும்

சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று நினைப்பவர்கள் உண்டு. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. விநாடிக்கு ஒன்பது சுற்று. மூன்று அங்குலக் கனமுள்ள தண்டில் துணி சிக்கினால் ஒரு விநாடியில் ஆறேழு அடி சுற்றிக்கொள்ளும். நாலு முழ வேட்டி முழுவதும் உள்ளே போக அந்த ஒரு விநாடி போதும். விடுவித்துக்கொள்ள நேரமில்லை. தண்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையை இடைஞ்சல் என்று கழற்றிப் போடக் கூடாது. ரோட்டவேட்டரில் சிக்கிய கொடியை எடுக்கும்போது என்ஜினை நிறுத்திச் சாவியை மடியில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் அருகில் வரலாகாது.

மரவேரையோ புதைந்த வண்டியையோ இழுக்கும்போது சங்கிலியை டிராக்டரின் இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். அச்சிலோ மேல் இணைப்பிலோ மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவர் மேலேயே விழும். சாலையில் போகும்போது இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் சேர்த்துக் கொக்கி போட்டுவிட வேண்டும். வயலில் திருப்புவதற்காகப் பிரித்து வைத்ததை அப்படியே விட்டு, டிரங்க் ரோட்டில் வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரேக் போட்டால் வண்டி புரண்டுவிடும். சில மாடல்களின் எடை 700 கிலோகூட இல்லை. பின்னால் ஒன்றரை டன் செங்கல் ஏற்றினால் சரிவில் டிரெய்லர்தான் டிராக்டரைத் தள்ளும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றவே கூடாது.

குறைவாக ஓடும் டிராக்டர் குறைவாகக் கெடும் என்பதும் தவறு. கையேட்டில் கண்ட மணி நேரம் ஆகாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை என்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும். நிறுத்தும்போது டீசல் தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் கோத்து நீர் சேராது. புழுதியில் ஓட்டிய நாளில் காற்று வடிகட்டியைப் பார்க்காமல் விடக் கூடாது. எலி வயரைக் கடிக்கும்; காற்றுக் குழாயில் கூடும் கட்டும். பத்து நாளுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது பேட்டரிக்கும் நல்லது, எலியை விரட்டவும் நல்லது.

வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் அறிய வேண்டியது: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயர் மீதான வரி 18-லிருந்து 5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டுள்ளது. பில்லில் அது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் வேளாண் எந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், உச்சவரம்புக்கு உட்பட்டு, சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியத்துக்கு வழி செய்யப்பட்டுள்ளது. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றுடன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் விண்ணப்பித்து, அனுமதி வந்தபின் வாங்க வேண்டும். வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டு அலைந்து பயனில்லை. ஓட்டும் முறையையும் பராமரிப்பையும் பற்றிய சந்தேகங்களைத் திருவள்ளூர் அருகே திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

கொட்டகையை மேட்டில் போட வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது கண்ட வெள்ளத்தை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். டிராக்டர் நீரில் மூழ்கிவிட்டால், வடிந்தவுடன் ஸ்டார்ட் செய்து பார்க்கத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப் போல அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்து என்ஜினே போய்விடும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, என்ஜின், கியர் பெட்டி எண்ணெய்களையும் டீசலையும் முழுவதும் வடித்து, காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்து, இன்ஜெக்டரைக் கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே மெக்கானிக் முன்னிலையில் கிளப்ப வேண்டும்.